அப்பா நினைவாக 21 கிலோமீட்டர்: இருபது வாரத்தில் எப்படித் தயாராவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 34. போன வருடம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார், அப்போது அவருக்கு 53. அவர் நினைவாக, இதய நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஓர் அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, பணமும் வர ஆரம்பித்துவிட்டது. இன்னும் இருபது வாரம் இருக்கிறது. இதற்கு முன் ஓடிய பழக்கம் கிடையாது. மூன்று வாரமாகத் தினமும் ஓடுகிறீர்கள். வலது முழங்கால் வலிக்கிறது. அதோடு பாதி வழியில் அப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைக்கிறது, மூச்சு திணறுகிறது, நின்றுவிடுகிறீர்கள். எப்படிப் பயிற்சி செய்தால் முடிக்கலாம், எனக்கு மன உறுதி போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பயிற்சி பற்றிய கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "முடிக்க முடியாமல் போனால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறிய மாதிரி ஆகிவிடும்." உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவதைச் சரிசெய்யாமல் முதலாவது சரியாகாது. பதினாறு வருடமாகப் புதிதாக ஓட வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அவர்களில் நிறையப் பேர் யாரையோ பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் ஓடப் போனேன். நான் மருத்துவனும் அல்ல, மனநல ஆலோசகனும் அல்ல. அவர்களிடம் போகவேண்டிய விஷயம் எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை: ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆணுக்கு 55 வயதுக்கு முன்பும் பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்தால், அதை வயதுக்கு முந்தி வந்த நோயாகத்தான் மருத்துவம் பார்க்கிறது. அப்படி வந்தவரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாக இருக்கும் ஒரு பரம்பரைக் குறைபாடு உண்டு. இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் ஒன்றும் உண்டு. இவை பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "மாரடைப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல காரணங்களைப் போட்டு வைத்துவிடுகிறோம். உங்கள் அப்பாவுக்கு எது நடந்தது என்பது உங்கள் உடம்புக்கும் முக்கியம். ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், இசிஜி, தேவை என்று மருத்துவர் நினைத்தால் எக்கோ, டிரெட்மில் சோதனை. அப்பாவின் மருத்துவக் கோப்பு வீட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அதைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். கூட ஒருவரை வைத்துக்கொண்டு திறங்கள்.

நீண்ட தூரம் ஓடுவதே இதயத்துக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மராத்தானிலும் அரை மராத்தானிலும் ஓடிய ஏறக்குறைய 1 கோடியே 9 லட்சம் பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டத்தின்போதோ முடிந்த உடனேயோ இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. அதாவது, சுமார் 1 லட்சத்து 84 ஆயிரம் பேரில் ஒருவர். அரை மராத்தானில் இன்னும் குறைவு. ஆனால் அந்தச் சிலரிடம் பெரும்பாலும் என்ன இருந்தது என்று தேடியபோது கிடைத்தவை, நான் மேலே சொன்ன தசை தடிக்கும் நோயும், தெரியாமலே இருந்த இதய ரத்தக்குழாய் அடைப்பும்தான். அதனால்தான் பரிசோதனையை முதலில் வைக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, அந்த நிம்மதி ஒவ்வொரு ஓட்டத்திலும் உங்கள் கூடவே வரும். ஓடும்போது மார்பில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தால் அது அப்பா ஞாபகத்தால் வந்ததாக இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது மன உறுதி. உங்களிடம் அது குறைவாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஓடிப் பழக்கமே இல்லாதவர் மூன்று வாரம் தினமும் வெளியே வந்திருக்கிறீர்கள். குறைவாக இருப்பது மீண்டுவரும் சக்தி. துக்கம் மனசோடு நிற்கிற விஷயம் அல்ல. நெருங்கிய ஒருவரை இழந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட 21 மடங்கும், முதல் வாரத்தில் ஏறக்குறைய 6 மடங்கும் கூடுகிறது என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அந்த உச்சம் அடுத்த சில வாரங்களிலேயே இறங்கிவிடுகிறது, ஒரு வருடம் கழித்து நீங்கள் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நான் அதை இங்கே சொல்வது, இழப்பு உடம்பை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்று காட்டத்தான். மாதக்கணக்கில் தூக்கம் உடைந்து உடைந்து வரும். பசி மாறும். மன அழுத்தம் நீடிக்கிறவர்களுக்குக் கடினமான உடற்பயிற்சிக்குப் பிறகு தசை மீள்வதும் தாமதமாகிறது. பயிற்சி என்பது உடம்பைக் கொஞ்சம் களைக்கவைத்து, ஓய்வில் அது பலமாகும்படி விடுவது. ஏற்கெனவே பாதி பாரம் தூக்கிக்கொண்டிருக்கும் உடம்பின் மேல் தினசரி ஓட்டத்தை ஏற்றினால் களைப்பு மட்டும் மிஞ்சும். ஆகவே உங்கள் வயதில் இருக்கும் இன்னொருவருக்கு எழுதிய அட்டவணையை எடுத்து, அதில் ஒரு படி குறைத்து ஆரம்பிப்பதே உங்களுக்குச் சரி. துக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் நான் இதைத்தான் செய்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். பதினோரு வருடம் முன்பு என் தம்பி இறந்த பிறகு, அவன் பெயரில் ஓட முடிவு செய்தேன். பத்தாவது வாரம் இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்பக்கத்தில், ஒரு விரல்நுனி அகலத்துக்கு வலி. அந்த ஒரு புள்ளியை அழுத்தினால் உயிர் போகும், சுற்றியுள்ள இடம் வலிக்காது. அந்தக் காலில் ஒற்றைக்காலாகக் குதிக்க முடியவில்லை. என் மாணவர் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். ஆனால் எனக்கு நானே, "அவன் பட்ட வேதனைக்கு முன்னால் இது என்ன?" என்று சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் ஓடினேன். எலும்பில் விரிசல். எட்டு வாரம் காலில் கட்டு. ஓட்ட நாளன்று ஊன்றுகோலோடு பாதை ஓரத்தில் நின்று கை தட்டினேன். ஓடுகிற நாளில்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன். திரட்டிய பணம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, கொடுத்த ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் அந்த இரண்டு வாரமும் தம்பிக்காக ஓடவில்லை. எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கடைசி நாட்களில் நான் கூட இல்லாததற்கு.

உங்களுக்குள்ளும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்கள் மட்டும் கேட்டுப் பாருங்கள். ஏனென்றால் வலி வரும்போது அதுதான் முடிவெடுக்கும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். தினமும் ஓடுவதை நிறுத்துங்கள். வாரம் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. மூன்றில் ஒன்று நீண்ட ஓட்டம், மற்ற இரண்டும் அரை மணியிலிருந்து முக்கால் மணி. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். புதியவர்கள் காயப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்: "இப்போது சுலபமாக இருக்கிறதே" என்று தூரத்தைக் கூட்டுவார்கள், கால் தயாராக இருக்காது.

வேகம் எவ்வளவு என்று கடிகாரத்தைக் கேட்காதீர்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், நடுவில் மூச்சுக்கு நிற்காமல். முடியவில்லை என்றால் வேகம் அதிகம், அவ்வளவுதான். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அப்பாவிடமே பேசிக்கொண்டு ஓடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. என்னிடம் வந்தவர்கள் பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள், அவர்கள் வேகம் தானாகவே சரியான அளவுக்கு வந்துவிடும். இந்தப் பேச்சு அளவுகோல் ஒன்றும் பாமரக் கணக்கு அல்ல. மூச்சின் போக்கு மாறும் எல்லையை ஏறக்குறைய சரியாகவே காட்டும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

அப்புறம், நடந்து ஓடுங்கள். 1972 ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, 1970களிலிருந்தே புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து வந்தார்: களைத்த பிறகு நடக்காதே, களைக்கும் முன்பே திட்டமிட்டு நட. முதல் நான்கு வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மொத்தம் அரை மணி. அடுத்த நான்கு வாரத்தில் மெதுவாக அதைப் புரட்டி 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று கொண்டுவாருங்கள். நீண்ட ஓட்டம் அப்போது 6 கிலோமீட்டரிலிருந்து 9 வரை வந்திருக்கும். பதின்மூன்றாவது வாரத்துக்குள் 13 அல்லது 14. பதினெட்டாவது வாரத்துக்குள் 16 முதல் 18 வரை ஒரே ஒருமுறை போய்வந்தால் போதும், பயிற்சியில் 21ஐத் தொட வேண்டிய அவசியம் இல்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரம் இறங்குமுகம். கணக்குப் போட்டுப் பார்த்தால், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் 2 நிமிட ஓட்டமும் 5.5 கிலோமீட்டர் வேகத்தில் 1 நிமிட நடையுமாகவே 21.1 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். உங்கள் ஓட்டத்தில் எத்தனை மணி நேரம் பாதை திறந்திருக்கும் என்பதை மட்டும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் தவறினால் அதை ஈடுகட்ட அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓடக்கூடாது. தவறியது தவறியதுதான், அட்டவணையில் இருக்கும் அடுத்த ஓட்டத்துக்குப் போய்விடுங்கள். தூக்கமே வராத இரவுக்கு மறுநாள் ஓட்டத்தை நடையாக மாற்றிக்கொள்ளுங்கள். இருபது வாரத்தில் நான்கைந்து ஓட்டம் விடுபட்டாலும் அரை மராத்தானை முடிக்கலாம்.

முழங்காலைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருப்பதால் பொதுவாகச் சொல்கிறேன். முழங்கால் சில்லைச் சுற்றியோ சில்லுக்குப் பின்னாலோ மந்தமான வலி, படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடுகிறது என்றால், புதிதாக ஓடுகிறவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது அது. தூரத்தைக் குறைத்து, தொடையையும் இடுப்பையும் பலப்படுத்தினால் பெரும்பாலும் சரியாகும். இதற்கு நல்ல சான்று இருக்கிறது. வாரம் இரண்டு முறை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற பாதிக் குந்தல், படி ஏறி இறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், குதிகால் தூக்கி நிற்றல். காலடியைச் சற்றுச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலும் முழங்காலில் விழும் சுமை குறைகிறது. வலியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடுங்கள். இரண்டு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் காணாமல் போய்விட்டால் ஓடலாம். ஓட ஓடக் கூடினால், நொண்டினால் நிறுத்துங்கள். வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்ளுதல், இரவில் எழுப்பும் வலி, என் காலில் வந்த மாதிரி ஒரே புள்ளியில் எலும்பு வலி, இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது வேண்டவே வேண்டாம். இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையும் நீண்ட ஓட்டமும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

இதுவரை சொன்னவை எல்லாம் நான் உறுதியாக நிற்கும் விஷயங்கள். ஓட்டக்காரர்கள் மத்தியில் அடிபடும் வேறு சில அறிவுரைகளுக்கு அவ்வளவு பலம் கிடையாது. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பார்கள். நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்து அதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் அதைவிட வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவு, ஐந்தில் ஒருவருக்கு. ஆகவே 10 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. படிப்படியாகக் கூட்டு என்பதற்கு அது ஒரு ஞாபகக் குறிப்பு, அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். ஓடுவதற்கு முன் நின்ற நிலையில் தசையை இழுத்துப் பிடிப்பது காயத்தைத் தடுக்கும் என்பதற்கும் சான்று போதவில்லை. ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு ஆரம்பிப்பதே எனக்குப் பிடித்த வழி. பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூவை வகைப்படுத்திக் கொடுப்பார்கள். அமெரிக்க ராணுவத்தில் அப்படிக் கொடுத்துப் பார்த்தபோது காயம் குறையவில்லை. போட்டு நடந்ததும் சுகமாக இருக்கிற ஷூ எதுவோ அதை வாங்குங்கள், ஓட்ட நாளுக்கு முன் குறைந்தது மூன்று நான்கு நீண்ட ஓட்டமாவது அதில் ஓடியிருங்கள்.

இனி அழுகை. ஓடும்போது அது ஏன் வருகிறது என்று சொல்கிறேன். பகல் முழுவதும் வேலை, பேச்சு, திரை என்று ஏதோ ஒன்று மனசை மறைத்துக்கொண்டிருக்கிறது. ஓடும்போது அந்த மறைப்பு எதுவும் இல்லை. இதயமும் ஏற்கெனவே படபடக்கிறது. உடம்புக்கு அழுவதற்கு இது தோதான நேரம். தொண்டை அடைப்பதற்கு உடல்ரீதியான காரணமும் உண்டு. உணர்ச்சி பொங்கும்போது அதிகக் காற்றை உள்ளே விட குரல்வளையின் வாய் விரிந்து நிற்கப் பார்க்கிறது. விழுங்கும்போதோ அது மூட வேண்டும். இந்த இழுபறிதான் உருண்டை மாதிரித் தெரிகிறது. விம்மும்போது மூச்சை உள்ளே உள்ளே இழுக்கிறோம், வெளியே விடுவது குறைகிறது, ஓட்டத்துக்கு வேண்டிய சீரான மூச்சு உடைந்துபோகிறது. அதோடு போராடி ஓட்டத்தைத் தொடர முயன்றால் திணறல் இன்னும் கூடும். வந்தால் நடைக்கு மாறுங்கள். கைகளைத் தொங்கவிட்டு, உதட்டைக் குவித்து, உள்ளே இழுத்ததைப் போல் இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊதி வெளியே விடுங்கள். அழுகையை அடக்காதீர்கள், அது ஓடி முடியட்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அந்த அலை இறங்கிவிடும். அதன்பின் ஓட வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா, வீட்டுக்கு நடந்து போங்கள். அன்றைய பயிற்சி முடிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டம் துக்கத்தை ஆற்றுமா என்றால், நான் "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்றுகள் உண்டு. இழப்பின் துக்கம் மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது, அதற்கென்று தனியாகச் செய்த ஆய்வுகள் குறைவு. துக்கம் ஐந்து படிகளில் வரிசையாக நகரும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதை மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. உங்கள் துக்கம் அந்த வரிசையில் போகவில்லை என்றால் உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. எனக்கு உதவியாக இருந்தது துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த பார்வை. இழந்தவர் மனசைச் சில நேரம் இழப்பின் பக்கமும் சில நேரம் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறித் திருப்பிக்கொள்கிறார், அந்தப் போக்குவரத்தே ஆரோக்கியமானது என்கிறார்கள். அதை வைத்து நான் செய்யும் ஒரு சின்ன ஏற்பாடு: வாரத்தில் ஓர் ஓட்டம் மட்டும் அப்பாவுக்கு. மற்ற இரண்டும் வெறும் ஓட்டம். அந்த இரண்டிலும் அவரை நினைக்காமல் இருந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒவ்வொரு அடியையும் அவருக்குக் காணிக்கையாக்கினால் இருபது வாரம் யாராலும் தாங்க முடியாது.

ஒரு வருடம் தாண்டியும் அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்கு ஏக்கம் தினமும் அழுத்தினால், வாழ்வதே அர்த்தமில்லை என்று தோன்றினால், அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரின் உதவி வேண்டும். நீடித்த துக்கம் என்று அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. ஓட்டத்தை அந்த இடத்தில் வைத்துவிடாதீர்கள்.

நாட்காட்டியை எடுத்து இந்த இருபது வாரத்துக்குள் அப்பாவின் பிறந்தநாள், நினைவு நாள், குடும்பத்தில் முக்கியமான நாட்கள் எவை வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். தூரம் குறையும் வாரம் அந்த வாரங்களில் விழும்படி அட்டவணையை நகர்த்துங்கள். அந்த நாளில் சாதனை ஓட்டம் வைக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். அன்று தூக்கம் கெட்டிருக்கும், மனசு வேறெங்கோ இருக்கும், கால் தடுக்கும்.

இப்போது வாக்கு. டெர்ரி ஃபாக்ஸை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா நாட்டு இளைஞர், வயது 21. 1980 ஏப்ரல் 12 அன்று, செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பினார், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட. ஏறக்குறைய நாளுக்கு ஒரு மராத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்தவேண்டியதாயிற்று. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறுகரையை அவர் பார்க்கவில்லை. 1981 ஜூனில் இறந்துபோனார். கனடா நாட்டவர் தலைக்கு ஒரு டாலர் என்பது அவர் ஆசை. அது 1981 பிப்ரவரியிலேயே, அவர் உயிரோடிருக்கும்போதே நிறைவேறிவிட்டது. அவர் பெயரில் 1981 முதல் நடக்கும் ஓட்டத்தில் நேரக் கணக்கும் இல்லை, வெற்றியாளரும் இல்லை. அவர் ஓட்டம் பாதியில் நின்றது என்பதற்காக யாரும் அவர் வாக்குத் தவறினார் என்று சொல்வதில்லை. உங்கள் வாக்கையும் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொள்ளச் சொல்வேன்: "21 கிலோமீட்டரை முடிப்பேன்" என்பதை எடுத்துவிட்டு, "இருபது வாரம் ஒழுங்காகத் தயாராவேன், அன்று தொடக்கக் கோட்டுக்கு வருவேன்" என்று. இது உங்கள் கையில் இருக்கிறது. முன்னது வானிலை, கால், காய்ச்சல் எல்லாவற்றின் கையிலும் இருக்கிறது.

நிதி விஷயத்தில் ஒன்றே ஒன்று. தொண்டு நிறுவனத்தின் ஒதுக்கீட்டில் இடம் வாங்கியிருந்தால், குறைந்தபட்சம் இவ்வளவு திரட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். குறைந்தால் யார் ஈடுகட்டுவது, காயம் பட்டால் அடுத்த வருடத்துக்கு மாற்றலாமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதினெட்டாவது வாரத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்ட நாளன்று ஆபத்து முதல் மூன்று கிலோமீட்டர்தான். கூட்டம், இசை, முதுகில் அப்பாவின் படம். கால் பறக்கும். வேண்டுமென்றே மெதுவாக, பயிற்சியில் நடந்த அதே இடைவெளியில், முதல் நடையையும் நடந்தே ஆகவேண்டும். தாகம் எடுத்தால் குடியுங்கள், வழியில் தண்ணீர் வைத்திருக்கும் எல்லா மேசையிலும் நின்று குடிக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்பு அளவு இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து ஓட்டத்தின் நடுவே எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் அது அதிகம். மெதுவாக ஓடும் நாம்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போவதால், மணிக்கு 30 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உள்ளே போகட்டும். எது வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்று நீண்ட ஓட்டங்களில் முன்பே சோதித்திருக்க வேண்டும்.

என்னிடம் பயிற்சி எடுத்த ஓர் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு வயது. மகளின் முடிக்குப் போடும் ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டியிருப்பார். வேகம் கூடுகிறது என்று தோன்றினால் அதை ஒருமுறை இழுத்து விடுவார், அவ்வளவுதான், குறைத்துவிடுவார். "அவள் எப்பவும் 'மெதுவாப் போம்மா'ன்னு சொல்லுவா" என்றார். பதினேழாவது கிலோமீட்டரில் பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எதுவும் பேசவில்லை. நான்கு நிமிடம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஷூ கயிற்றை அவிழ்த்து இரண்டு காலிலும் புதிதாகக் கட்டினார், எழுந்து நடந்தார். 3 மணி 8 நிமிடம். கடைசிக் கோட்டைத் தாண்டியதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "இனி அடுத்த வாரம் என்ன செய்வேன்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். இருபது வாரம் அப்பாவுக்காக ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற பிடிமானம் இருக்கும், ஓட்டம் முடிந்ததும் அது சட்டென்று போய்விடும். முடிந்த மறுவாரத்துக்கு இப்போதே ஏதாவது ஒன்றைக் குறித்து வையுங்கள். அப்பாவைத் தெரிந்த ஒருவரைப் பார்க்கப் போவது, கொடுத்தவர்களுக்குக் கைப்பட நன்றி எழுதுவது, எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு வாரம் ஓட வேண்டாம், நடங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும், முழங்காலில் வலி சரியாக எந்தப் பக்கம், படி இறங்கும்போது வருகிறதா, ஓட ஆரம்பித்து எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று எழுதுங்கள். முதல் நான்கு வாரத்தை நாள்வாரியாகப் போட்டுத் தருகிறேன்.